மேட்டில் நிறுத்தும் வண்டி

எங்கள் மலையில் எல்லோரும் சமதரையாகப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவார்கள். அது கிடைக்காவிட்டால் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் மட்டும் போன மழைக்காலம் முழுக்க மேட்டைத் தேடித் தேடி நிறுத்தினேன். ரேஷன் கடைக்குப் போனால் கடை வாசலில் நிறுத்த மாட்டேன். கோயில் ஏற்றத்தின் உச்சியில், முன்சக்கரம் பள்ளத்தைப் பார்க்க நிறுத்திவிட்டு, அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க மேலே ஏறி வருவேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரே சிரித்தார். "எம் பொண்டாட்டிக்கு வண்டியவும் சாமி மாதிரி மேட்டுல வச்சுத்தான் கும்பிடணும்" என்று நாலு பேர் நடுவில் சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன். காரணத்தைச் சொல்வதற்குப் பதில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது எனக்கு.

கூக்காலில் எங்கள் வீடு மேட்டுத் தெருவில் இருக்கிறது. அங்கிருந்து சாலை இறங்கி ஏரிக்கரைக்கு வரும். கரை நெடுகச் சமதரை. ஊரில் சமதரை என்று சொல்ல அது ஒன்றுதான். கரையோரம் ஒரு டீக்கடை. அதைத் தாண்டினால் செங்குத்தாக ஒரு ஏற்றம், நடுவில் கொண்டை ஊசி வளைவோடு. அதன் தலையில் இருக்கிற சின்னக் குடியிருப்பில்தான் நான் வேலை பார்க்கிற தொடக்கப்பள்ளி. பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைக்கிற வேலை.

பன்னிரண்டாவது முடித்தவள், செல்போனில் விவரம் ஏற்றத் தெரிந்தவள் என்று மகளிர் குழுவிலிருந்து என்னைப் போட்டார்கள். சின்னப் பள்ளி, ஒருத்திதான் ஆள். பாட மணி அடிப்பதற்குள் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ தட்டில் விழுந்திருக்க வேண்டும். அந்தக் குடியிருப்பில் பாதிப் பேர் விடியும் முன்னே பூண்டுக் காட்டுக்கும் கேரட் காட்டுக்கும் கூலிக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் வெறும் வயிற்றோடு, என் சட்டியை நம்பித்தான் வரும். எனக்கும் அதுதான் முதல் வேலை. அதற்கு முன்னால் ஊரில் நான் இன்னாருடைய பெண்டாட்டி, இன்னாருடைய மருமகள். இப்போது வழியில் பார்க்கிற பிள்ளை "பொங்கல் அக்கா" என்று கூப்பிடும். அந்த வேலை கையை விட்டுப் போய்விடக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு எந்நேரமும் நினைப்பு.

வண்டி அதற்காகத்தான் வந்தது. கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்றுகிற, காலால் மிதித்துக் கிளப்புகிற பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். போகிற இடமெல்லாம் சாம்பிராணி போட்ட மாதிரி புகை விடும். வத்தலக்குண்டில் யாரோ கழித்துப் போட்டதை என் வீட்டுக்காரர் வாங்கி வந்து ஒக்கிட்டு ஓடவைத்தார். அவருக்குப் பூண்டு விவசாயம். மிச்ச நேரத்தில் ஊரார் கொண்டுவந்து போடுகிற மருந்தடிக்கிற எஞ்சின்களைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் தெருவில் வண்டி ஓட்டின முதல் பொம்பளை நான்தான். அந்தத் திமிரும் எனக்கு உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

சமதரையிலும் இறக்கத்திலும் வண்டி ராஜா மாதிரி போகும். பள்ளிக்கூட ஏற்றம் வந்தால் அதற்கு மூச்சு வாங்கும். ரவை, பருப்பு, காய் எல்லாம் கட்டியிருந்தேன் என்றால் வளைவிலேயே நின்றுவிடும். நான் இறங்கி, எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே பக்கத்தில் நடந்து தள்ளுவேன். ஒரு நாள் அப்படித் தள்ளிக்கொண்டிருந்தபோது பூண்டு ஏற்றி வந்த லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார். "ஏந் தாயி, வண்டி உங்கள ஏத்திட்டுப் போகுதா, நீங்க வண்டிய ஏத்திட்டுப் போறீங்களா?" என்றார். லாரிக்குப் பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஆட்கள் எல்லாம் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். லாரி வளைவு திரும்பி மறையும் வரைக்கும் அந்தச் சிரிப்பு கேட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் ஆடின ஆட்டம் இருக்கிறதே! "ஒரு வாரம் பாப்பேன். அதுக்குள்ள இந்தக் கழுதைக்கு ஒரு வழி பண்ணல, ஏரியில தள்ளிட்டுத்தான் மறுசோலி பாப்பேன், ஆமா" என்றேன். என் வீட்டுக்காரர் சாதுவான மனுஷன். கோபத்துக்கு எதிர்க்கோபம் காட்டத் தெரியாது.

"வண்டி மேல குத்தமில்ல புள்ள" என்றார். "மலைக்கு மேல காத்து மெலிசு. நம்ம ஊர்ல பருப்ப வெறுஞ்சட்டியில போட்டா வேகுதா? மத்தியானம் வரைக்கும் கெடக்கும், வேகாது. குக்கர்ல போட்டு அமுக்குனாத்தான் வேகும். எஞ்சினுக்கும் அதே கததான். உள்ள வர்ற காத்து கொறச்சலு. வந்த காத்த இன்னுங் கொஞ்சம் நெருக்கி அமுக்கிட்டா வெடி பலமா இருக்கும். ஹெட்டத் தேச்சு எறக்கிடுறேன். அப்புறம் பாரு, லாரிக்காரன நீ முந்திட்டுப் போவ."

குக்கர் என்று சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது. ஹெட் என்பது எஞ்சினுக்கு மூடி. மூடியின் அடி விளிம்பைத் தேய்த்துவிட்டால் அது கொஞ்சம் கீழே இறங்கி உட்காரும், உள்ளே இருக்கிற இடம் குறுகும், காற்று இன்னும் நெருக்கப்படும். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்கு அவர் பட்ட பாடு இருக்கிறதே, அதைப் பார்த்ததுதான் பின்னால் என் வாயைக் கட்டியது.

சாமி அலமாரியின் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனார். கண்ணாடிதான் கோணாமல் மட்டமாக இருக்குமாம். அதன் மேல் உப்புத்தாளை விரித்து, மண்ணெண்ணெய் தெளித்து, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எட்டுப் போடுகிற மாதிரி சுற்றிச் சுற்றித் தேய்த்தார். தேய்க்கும் முன் விளிம்பு முழுக்க என் மார்க்கர் பேனாவால் கோடு இழுப்பார். எங்கே கோடு அழியவில்லையோ அங்கே பள்ளம் இருக்கிறது என்று கணக்கு. மறுபடி கோடு, மறுபடி தேய்ப்பு. பூண்டுக்குத் தண்ணீர் விட வேண்டிய நாட்கள் அவை. காட்டு வேலை முடித்து வந்து, சோறு ஆறிக் கிடக்க, தேய்த்துக்கொண்டே இருப்பார். கடைசியில் பிஸ்டன் தலையில் ஈயக் கம்பித் துண்டை வைத்து, ஹெட்டை மாட்டி, எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினார். நசுங்கின கம்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிஸ்டனுக்கும் மூடிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி மிச்சம் என்று அந்தக் கம்பியின் கனம் சொல்லிவிடும். "இன்னுங் கொஞ்சம் எறங்குனா முட்டிரும். இதுதான் எல்லை" என்று என்னிடம் காட்டினார். பொன்னை உரசிப் பார்த்த ஆசாரி மாதிரி ஒரு பூரிப்பு முகத்தில்.

மாட்டி முடித்ததும் ஒன்று சொன்னார். "இத மட்டும் மனசுல வச்சுக்க. இனிமே அரை மனசா மிதிக்கக் கூடாது. மிதிச்சா முழு மிதி. பாதியில விட்டன்னா திருப்பி அடிக்கும்." நான் சரி சரி என்று தலையை ஆட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். மிதித்தது அவர்தான்.

அம்மாடி, அந்த முதல் ஏற்றம்! வளைவில் வழக்கமாக இறங்குகிற இடத்தில் காலைத் தரையில் வைக்கப் போனேன், வண்டி போய்க்கொண்டே இருந்தது. சத்தமே மாறியிருந்தது. முன்பு தொண்டை கட்டினவன் மாதிரி இருமும், இப்போது கணீரென்று இருந்தது. உச்சிக்குப் போய் நின்றபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவனவன் தன் வண்டியையும் மருந்து எஞ்சினையும் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தான். டீக்கடையில் அவருக்கு 'எஞ்சின் டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒரே பல்லவியைத்தான் பாடினார். "அவ ஏத்தத்துல தள்ளிக்கிட்டுப் போறா, பாக்கச் சகிக்கல. அவளுக்காகத் தேச்சதுய்யா." இதைச் சொல்லும்போது என் பக்கம் பார்ப்பார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, சமைத்து முடித்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, பள்ளிக்கூட வாசலில் நானாக முதல் தடவை மிதித்தேன். மிதி இறங்கவில்லை, கல் மாதிரி நின்றது. நான் ஆள் குள்ளம், எடையும் கிடையாது. எம்பி ஏறி மிதித்தேன். பாதி இறங்கியது, என் கால் தளர்ந்தது, அவ்வளவுதான், பட்டென்று திருப்பி அடித்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்ட அடி உச்சந்தலை வரை ஏறியது. சேலையைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றேன். இன்னும் ஒரு தடவை பார்த்தேன், இன்னும் ஓர் அடி. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஏற்றத்தின் விளிம்புக்குத் தள்ளினேன். இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் உருளவிட்டு, வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டேன். படபடவென்று பிடித்துக்கொண்டது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் என் மேடு தேடும் பிழைப்பு.

அவரிடம் சொல்லியிருக்கலாமே என்றால், சொல்லியிருக்கலாம்தான். வாயைத் திறக்கப் போவேன், அதற்குள் யாராவது வண்டியோடு வந்து நிற்பான், அவர் "அவளுக்காகத் தேச்சது" என்று ஆரம்பிப்பார். எப்படிச் சொல்வது? என் காலுக்கு உங்கள் கைவேலை ஆகவில்லை என்று சொன்னால் அவர் முகம் எப்படி வாடும் என்று எனக்குத் தெரியும். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவரே ஒரு மிதி மிதித்துக் கொடுப்பார், ஆசையாக. அதனால் வீட்டில் விஷயம் வெளிச்சத்துக்கு வரவில்லை. காலில் கன்றிப்போனதைப் பார்த்து என்னவென்று கேட்டார். அடுப்புத் திட்டில் இடித்துக்கொண்டேன் என்றேன். மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டார். அவர் குனிந்து போட்டுக்கொண்டிருந்தபோது எனக்குக் கூசியது.

அவரை விடுங்கள். வழியில் யாரையாவது "ஒரு மிதி மிதிச்சு விடுங்க" என்று கேட்டிருக்கலாம். எங்கள் ஊரில் அது பெரிய காரியமே இல்லை. ஆனால் நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, என் வாய் அந்த வழியையும் முன்பே அடைத்து வைத்திருந்தது.

வண்டி வந்த புதிதில், ஹெட்டைத் தேய்ப்பதற்கெல்லாம் வெகு முன்னால், ஒரு நாள் டீக்கடை வாசலில் பிளக் நனைந்து வண்டி கிளம்பவில்லை. நான் மிதித்துக்கொண்டிருந்தேன். டீக்கடை அண்ணன் பாய்லரை விட்டுவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். "தள்ளு தாயி, நான் மிதிக்கிறேன்" என்றார். வயதில் மூத்தவர், நல்லதுக்குத்தான் வந்தார். அங்கே உட்கார்ந்திருந்த ஆம்பளைகள் எல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு எரிச்சல். "ஏன், எனக்குக் காலு இல்லையா? போய் உங்க சோலியப் பாருங்க" என்றேன். கடையே சிரித்தது, என்னைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்து. "அண்ணனுக்கு நல்லா வேணும்" என்று ஒருத்தன் கத்தினான். அண்ணன் முகம் செத்துப்போனது. திரும்பிப் போய்ப் பாய்லருக்குப் பின்னால் நின்றுகொண்டார். அடுத்த மிதியில் வண்டி கிளம்பிவிட்டது. நான் ஏதோ கோட்டையைப் பிடித்தவள் மாதிரி போனேன்.

அப்படிப் பேசினவள் அந்தக் கடை வாசலில் நின்று யாரிடம் போய் மிதிக்கச் சொல்வது? கரை சமதரை என்பதால் டீக்கடையில் நிற்பதையே விட்டுவிட்டேன். "தாயி இப்பல்லாம் டீ குடிக்க நிக்கிறதே இல்லையே" என்று அண்ணன் ஒரு தடவை குரல் கொடுத்தார். நேரமில்லை என்று கையை ஆட்டிக்கொண்டே போய்விட்டேன்.

மழை முடிந்து மூடுபனி இறங்குகிற நாட்கள் வந்தன. அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கிச்சடி. பின்னால் ரவை மூட்டை, முன்னால் கேரட்டும் பீன்ஸும். ஏரிக்கரையில் என் கை எனக்குத் தெரியாத அளவுக்குப் பனி. மெதுவாகத்தான் போனேன். திடீரென்று எதிரே சாலை நடுவில் கருகருவென்று ஒரு காட்டுமாடு. அதன் மூச்சுப் புகை கூடத் தெரிகிற தூரம். ஒற்றை மாட்டுக்கு எஞ்சின் சத்தம் ஆகாது, மிரண்டால் குத்திவிடும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். சட்டென்று எஞ்சினை அணைத்துவிட்டு, அசையாமல் நின்றேன். அது என்னைப் பார்த்தது, தலையை ஆட்டியது, அவசரமே இல்லாமல் ஏரிப் பக்கம் இறங்கிப் போனது. அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான் உறைத்தது, நான் நின்ற இடம் சமதரை.

டீக்கடை பக்கத்தில்தான் இருந்தது. பனியில் கடை தெரியவில்லை, ஆனால் கண்ணாடித் தம்ளர்களை வைக்கிற சத்தமும் யாரோ காறித் துப்புகிற சத்தமும் தெளிவாகக் கேட்டன. "அண்ணே" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். ஒரு சொல்! அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை. பிள்ளைகள் இந்நேரம் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும் என்று தெரியும், மணி ஓடுகிறது என்று தெரியும். தெரிந்தும் கூப்பிடவில்லை. மிதித்தேன். அதிலும் என் வீம்பைப் பாருங்கள், சத்தம் கடைக்குக் கேட்டுவிடக் கூடாது என்று பதுங்கிப் பதுங்கி மிதித்தேன். எதைச் செய்யாதே என்று அவர் தலைபாடாகச் சொன்னாரோ, அந்த அரை மிதியைத்தான் மிதித்தேன். அது சும்மா விடுமா? திருப்பித் திருப்பி அடித்தது. ஆறிக்கொண்டிருந்த கன்றல் பிய்ந்து ரத்தம் வந்தது. கடைசியில் வண்டியை ஓரத்தில் சாய்த்துவிட்டு, ரவை மூட்டையைத் தலையிலும் காய்ப் பையைத் தோளிலும் போட்டுக்கொண்டு நடந்தேன். கடையைத் தாண்டும்போது சாலையின் அந்த ஓரமாக, பனிக்குள் ஒளிந்துகொண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் போனேன். திருடிகூட அப்படிப் போக மாட்டாள்.

ஏற்றம் முடிவதற்குள் பள்ளி மணி கேட்டது.

பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் மடியிலும் தட்டு. ஒன்றும் கத்தவில்லை, ஒன்றும் அழவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து வந்து, "பொங்கல் அக்கா, ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டது. ஆமாம் கண்ணு என்றேன். அந்தப் பிஞ்சிடமும் பொய். அடுப்பைப் பற்றவைத்தேன். நம் மலையில் எதுவும் சீக்கிரம் வேகாது. முதல் பாடத்தைப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடுதான் கேட்டன. வகுப்புக்குள் அவர்கள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் வழக்கத்தைவிட ஈனமாகக் கேட்டது. எனக்குத்தான் அப்படிக் கேட்டதோ என்னவோ.

தலைமை ஆசிரியை நல்ல அம்மா, திட்டவில்லை. தட்டுகளெல்லாம் கழுவி முடித்த பிறகு தனியாக வந்து சொன்னார். "எல்லாருக்கும் ஒரு நாள் முன்னப்பின்ன ஆகும்மா. ஆனா நான் மேல தெரிவிச்சாகணும். இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் போடச் சொல்லிருவாங்க. அப்புறம் எங்கையில ஒண்ணும் இல்ல." நான் தலையைக் குனிந்துகொண்டு சரி டீச்சர் என்றேன். வண்டி மக்கர் பண்ணிடுச்சு என்றேன். வண்டி என்ன மக்கர் பண்ணியது, பாவம்?

யாரோ வண்டி கரையில் கிடக்கிறதென்று சொல்லி, என் வீட்டுக்காரர் இறங்கி வந்திருக்கிறார். ஒரே மிதி, கிளம்பிவிட்டதாம். அதிலேயே ஏறிப் பள்ளிக்கு வந்தார். நான் சேலையை முழங்கால் வரைக்கும் செருகிக்கொண்டு பெரிய சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "என்னடி, நல்லாத்தானே இருக்கு வண்டி, ஒரு மிதிதான..." என்று சிரித்துக்கொண்டே வந்தவர், என் காலைப் பார்த்தார். அப்படியே நின்றார். மேட்டில் நிறுத்தினது, மஞ்சள் பற்று, எல்லாவற்றையும் அந்த நேரத்தில் கூட்டிப் பார்த்திருப்பார். என் கையிலிருந்து தேங்காய் நாரை வாங்கி, மிச்சச் சட்டியை அவர் தேய்த்தார்.

அன்று சாயங்காலமே ஹெட்டைக் கழற்றினார். ஒரு செம்புத் தகட்டை என் அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு இளக்கி, கத்தரித்து, ஹெட்டுக்கு அடியில் கனமான வளையமாக வைத்து மாட்டினார். மூடி பழையபடி உயர்ந்தது, நெருக்கம் தளர்ந்தது. "மிதி" என்றார். மிதித்தேன். பழைய மாதிரி லேசான மிதியிலேயே கிளம்பியது. அவ்வளவு நாள் தேய்த்ததை ஒரு தகட்டில் இல்லாமல் ஆக்கிவிட்டார். "திட்டுங்களேன்" என்றேன். "எதுக்கு?" என்றார்.

மறுநாளிலிருந்து நான் ஏற்றத்தில் மறுபடி இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். இன்னும் வெள்ளனே கிளம்புகிறேன், அதனால் நேரம் தப்புவதில்லை. ஆனால் ஊருக்குக் கண் இருக்கிறதே. எஞ்சின் டாக்டர் பெண்டாட்டி ஏன் தள்ளிக்கொண்டு போகிறாள் என்று டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள். இவர் சொன்ன பதில் என் காதுக்கு வந்தது. "நாந்தான் அளவு தெரியாமத் தேச்சுட்டேன். பிஸ்டன் தாங்காதுன்னு மாத்திட்டேன்."

அளவு தெரியாமலா! ஈயக் கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மனுஷன். அதற்குப் பிறகு யாரும் எங்கள் வாசலுக்கு எஞ்சின் கொண்டு வரவில்லை. தேய்த்துக்கொண்டு போனவர்களே நம் வண்டியும் போய்விடுமோ என்று கேட்டுவிட்டுப் போனார்கள். "ஏலே, டாக்டரு வாராரு, எஞ்சின ஒளிச்சு வைங்கடா" என்று அவர் காதுபடவே கேலி. அவர் சிரித்துக்கொண்டே கடந்துவிடுவார். நான் வாயே திறக்கவில்லை. லாரிக்காரர் சொன்ன ஒரு சொல்லுக்கு வீட்டையே இரண்டாக்கினவள், இதற்கு ஊமையாகிவிட்டேன். அவரைக் கேலி செய்கிற வரைக்கும் என் கால் கதை வெளியே வராது, அதுதான் விஷயம். அதை நினைத்தால் சோறு இறங்காது. ஆனாலும் பேசாமல்தான் இருந்தேன்.

போன மாதம் ஒரு காலையில் பள்ளிக்குப் பால் வாங்க டீக்கடையில் நிறுத்தினேன். வழக்கமான ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் வண்டியைப் பார்த்துவிட்டு, "தேச்சாரு பாரு டாக்டரு, பொண்டாட்டிய நடக்க வச்சுட்டாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பெரிய கேலிகூட இல்லை. ஆனால் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"அவரு தேச்சதுல ஒரு குத்தமும் இல்ல" என்றேன். குரல் கிறீச்சென்று வந்தது. "அந்த வண்டி இந்த மலையில ஏறுன மாதிரி எதுவும் ஏறல. என்னாலதான் மிதிக்க முடியல. வாய்தான் பெருசு எனக்கு, காலுக்கு வலுவில்ல. அன்னைக்குப் பிள்ளைங்க பட்டினி கெடந்துச்சே, அன்னைக்கு நான் இந்தா, கூப்பிட்டாக் கேக்குற தூரத்துலதான் நின்னேன். கூப்பிடல. வெக்கப்பட்டுக்கிட்டுக் கூப்பிடல. போதுமா?"

கேலி செய்தவன் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். டீக்கடை அண்ணன் பால் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"தெரியும் தாயி" என்றார். "நீ மிதிச்ச சத்தம் அன்னைக்கு இங்க கேட்டுச்சு. திருப்பி அடிச்சது, நீ 'அம்மா'ன்னது, எல்லாங் கேட்டுச்சு. நான் எந்திரிச்சு வாசப்படி வரைக்கும் வந்துட்டேன்." துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். "அப்புறம், 'எனக்குக் காலு இல்லையா'ன்னு கேட்டுப்புடுவியேன்னு உக்காந்துட்டேன். பிள்ளைங்க நெனப்பு எனக்கு வரல பாரு."

பாலை வாங்கி வண்டியில் மாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் அது பூனை மாதிரி, தொட்டாலே கிளம்பும். அது அண்ணனுக்கும் தெரியும்.

"அண்ணே, ஒரு மிதி மிதிச்சு விடுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு பாய்லரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். எனக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தன. இறங்கி ஓரமாக நின்றேன்.